கிட்னி வருத்த ஆய்வு: "மருந்தடிச்சனீங்களோ?" என்ற கேள்விக்கு வரும் பதிலை எவ்வளவு நம்பலாம்?

செட்டிகுளம் சைக்கிள் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக வருத்தம் பற்றிய ஓர் ஆய்வுக்காக மூன்று மாதமாக வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்கிறேன். யாருடைய ஆய்வு என்பதை இங்கே எழுத முடியாது. சலரோகம் இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் கிட்னி மெல்ல மெல்லப் பழுதாகிப் போகிறதே, அந்த வருத்தம்தான். 90களில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கமக்காரரிடம் கவனிக்கப்பட்டது. ஃபுளோரைட், கட்மியம், ஆசனிக், களைநாசினி, வெயில் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், அறுதியாக ஒன்றும் பிடிபடவில்லை.

எங்கள் முறை இதுதான். கிளினிக்கில் பதிந்த நோயாளி ஒருவர், அவருடைய பக்கத்து வீட்டில் அதே வயதில் வருத்தமில்லாத ஒருவர். இரண்டு பேரிடமும் ஒரே வினாக்கொத்து. 20 வருடமாக எந்தத் தண்ணீர் குடித்தீர்கள், வயலுக்கு என்ன அடித்தீர்கள், குடி, வெற்றிலை, எல்லாம்.

என் தலையிடி என்னவென்றால், போன கிழமை ஒரு நோயாளி வீட்டுக்குப் போனேன். கேள்வியை முடிக்க முதலே அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டார். எந்தப் போகம், எந்தத் துண்டு வயல், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரை சொன்னார். பிறகு பக்கத்து வீடு. அந்த ஐயா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார், தலையே நிமிர்த்தவில்லை. "ஓம் தம்பி, இடைக்கிடை அடிச்சிருப்பன்" என்றார், அவ்வளவுதான். இவர்கள் இரண்டு பேரும் ஒரே முதலாளியின் வயலில் ஒன்றாகக் கூலிக்குப் போனவர்கள்! என் தாளில் ஒருவர் "அதிகம்", மற்றவர் "குறைவு".

இன்னொரு வீட்டில், "விவசாய இரசாயனங்கள் பாவித்தீர்களா" என்று வினாக்கொத்தில் உள்ளபடி வாசித்தேன். "இரசாயனம் ஒண்டும் பாவிக்கேல்லை தம்பி, மருந்து மட்டும்தான் அடிச்சது" என்று பதில் வந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அதற்கு முன் "இல்லை" என்று எழுதின வீடுகளை நினைத்தால் நித்திரை வராது.

கூட வேலை செய்கிற நண்பன் சொல்கிறான், ஆட்களின் தொகையைக் கூட்டினால் பிழைகள் ஒன்றையொன்று வெட்டிச் சரியாகிவிடும் என்று. மேலே இருப்பவர், "கடைசியில் பக்கச்சார்பு பற்றி ஒரு பந்தி எழுதினால் போதும்" என்கிறார். இரண்டும் எனக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூச்சிய வழு:

உன் நண்பன் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து.

உயர்தரத்தில் வேணியர் இடுக்கிமானி பிடித்திருப்பாய். வாசிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக் குறையும், பத்துத் தரம் அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். ஆனால் தாடை இரண்டும் பொருந்தி நிற்கிறபோதே அளவுகோல் பூச்சியத்தில் இல்லை என்றால்? ஆயிரம் தரம் அளந்தாலும் அந்தப் பூச்சிய வழு அப்படியே இருக்கும். தற்செயலாகக் கூடிக் குறைகிற எழுமாற்று வழுவுக்கு ஆள்தொகை மருந்து. எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற பக்கச்சார்புக்கு ஆள்தொகை உரம்.

கணக்காகவே பார்ப்போம், இவை நான் விளக்கத்துக்கு எடுத்த எண்கள். 100 நோயாளி, 100 அயலவர். களைநாசினிக்கும் வருத்தத்துக்கும் உண்மையில் ஒரு தொடர்புமே இல்லை என்று வை. இரண்டு பக்கமும் 50 பேர்தான் அடித்தவர்கள். நோயாளிகளில் அடித்தவருக்கும் அடிக்காதவருக்கும் உள்ள விகிதத்தை அயலவரின் அதே விகிதத்தால் வகுத்தால் வருவது ஒட்ஸ் விகிதம், இங்கே அது 1, அதாவது தொடர்பு இல்லை. இப்போது உன் நோயாளி விரல் மடக்கி எண்ணுகிறவர், அடித்தவர்களில் 90 வீதம் பேர் நினைவுபடுத்திச் சொல்லிவிடுகிறார்கள், ஆகவே 45 பேர். மண்வெட்டி ஐயாவின் பக்கம் 70 வீதம் பேர்தான் சொல்கிறார்கள், ஆகவே 35 பேர். 45-ஐ 65-ஆல் பெருக்கு, 55-ஐ 35-ஆல் பெருக்கு, முதலாவதை இரண்டாவதால் வகு. 1.52 வரும். இல்லாத தொடர்பு ஒன்றரை மடங்காகத் தெரிகிறது, யாரும் ஒரு சொல் பொய் சொல்லாமலே.

பக்கத்துக்கு 100 பேரில் இதற்கு 95 வீத நம்பிக்கை ஆயிடை, அதாவது தற்செயல் வழுவை மட்டும் கணக்கில் எடுத்தால் உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 0.86 முதல் 2.7 வரை. தொடர்பில்லை என்று காட்டுகிற 1 என்ற எண் அதற்குள் இருக்கிறது, ஆகவே நீ "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதித் தப்பிவிடுவாய். நண்பன் சொன்னபடி பக்கத்துக்கு 1000 பேர் எடு. விகிதம் அதே 1.52 தான், ஆயிடை மட்டும் 1.27 முதல் 1.82 ஆக ஒடுங்கிவிடும். இப்போது பிழையான விடை "புள்ளிவிபர ரீதியாகப் பொருளுடையது" என்ற முத்திரையோடு வெளியே போகும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிழை விட்டால் கதை வேறு. உண்மையில் நோயாளிகளில் 60 பேர், அயலவரில் 40 பேர் அடித்தவர்கள் என்று வை, உண்மை விகிதம் 2.25. இரண்டு பக்கமும் அடித்தவரில் 80 வீதம் பேர் "ஓம்" என்கிறார்கள், அடிக்காதவரில் 80 வீதம் பேர் "இல்லை" என்கிறார்கள். எண்ணினால் 56-க்கு 44 வரும், விகிதம் 1.62 ஆகக் குறைந்துவிடும். உன்னுடைய "இரசாயனம் இல்லை, மருந்துதான்" பிரச்சினை இந்த வகை, இரண்டு பக்கமும் அதே கேள்வியால் குழம்பினால். அது தொடர்பை மறைக்கும், பொதுவாக ஊதிப் பெருப்பிக்காது. ஆனால் இது ஓம்/இல்லை என்று இரண்டே வகுப்பு உள்ள கேள்விக்குத்தான். "இல்லை, இடைக்கிடை, அதிகம்" என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் நடு வகுப்பு எந்தப் பக்கமும் போகலாம். "பிழை சமமாக விழுந்தால் விடை குறையத்தான் செய்யும், ஆகவே எங்கள் முடிவு பத்திரமானது" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆகவே உன் முதல் கேள்வி "எவ்வளவு பிழை" என்பதல்ல, "பிழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறதா" என்பது.

பழைய சாரம்:

தம்பி, நான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக இருந்து ஓய்வு பெற்றவன், கணக்கு எனக்கு அவ்வளவு ஓடாது. ஆனால் நீ சொன்ன முறையில் எனக்கு முதலில் இடித்தது ஞாபகமே இல்லை. "பக்கத்து வீட்டில் அதே வயதில் ஒருவர்" என்றாயே, எத்தனை மணிக்குப் போகிறாய்?

காலை பத்து மணிக்கு சைக்கிளில் போனால் வீட்டில் யார் இருப்பார்? முதுகு நோவென்று நிற்கிறவர், கடை வைத்திருப்பவர், வயலைக் குத்தகைக்கு விட்டவர். மருந்தடிக்கிற மனிதன் வயலில் நிற்பான். நீ அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாய். இப்படித் தாண்டித் தாண்டி நீ சேர்த்த அயலவர் கூட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் குறைந்துபோவார்கள், நோயாளி பக்கம் தானாகவே கூடினதாகத் தெரியும். ஒரு கேள்வி கேட்க முதலே ஆய்வு சரிந்துவிட்டது. பின்னேரம் போ, போயா விடுமுறை நாளில் போ, ஆள் இல்லாவிட்டால் மூன்று தரம் திரும்பிப் போ. திரும்பிப் போன எண்ணிக்கையையும் எழுதிவை.

இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார்? அந்தப் பக்கம் பல இடங்களில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரு கிணறு, அல்லது ஒரு குழாய்க் கிணறு. ஒரே கிணற்றில் குடிக்கிற இருவரை ஒப்பிட்டால் தண்ணீருக்கும் வருத்தத்துக்கும் தொடர்பு இருந்தாலும் உனக்கு ஒருநாளும் தெரியவராது. அயலில் ஆள் எடுப்பதில் நன்மை உண்டு, ஆனால் அளவுக்கு மீறிப் பொருத்திவிட்டால் தேடுகிற பொருளையே ஒப்பீட்டுக்குள் அழித்துவிடுகிறோம்.

அதற்காக ஆஸ்பத்திரியில் வேறு வருத்தத்துக்கு வந்தவர்களை எடு என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் ஊரின் சராசரி மனிதர் இல்லை. 1946-இல் பேர்க்சன் என்ற புள்ளிவிபரக்காரர் இதைக் கணக்கிலேயே காட்டினார்.

மூன்றாவது, கிளினிக்குக்கு வருகிற நோயாளி யார்? நெடுங்கேணிப் பக்கத்து உட்கிராமத்தில் இருந்து பஸ் பிடித்து மாதாமாதம் வரக்கூடியவர். வர முடியாதவரும், கெதியில் செத்துப்போனவரும், பிள்ளைகளோடு வேறு மாவட்டத்துக்கோ கடல் கடந்தோ போனவரும் உன் தாளில் இல்லை. மெதுவாக முற்றுகிற வருத்தக்காரர்தான் கிளினிக்கில் சேர்ந்துகொண்டே போவார்கள். நீ காண்பது வருத்தத்தின் காரணமா, வருத்தத்தோடு தாக்குப்பிடிக்கிற காரணமா என்று பிறகு பிரிக்க முடியாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எடுக்க முடியுமானால் எடு.

இன்னொன்று, எங்கள் சனத்துக்கு "பதிவு" என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். 2009-இல் சண்டை முடிந்த பிறகு எத்தனை தரம் எத்தனை பேர் வந்து பதிந்துகொண்டு போனார்கள். ஒருபக்கம் பயம், மறுபக்கம் ஏதாவது கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பு. சிறுநீரக நோயாளிக்கு மாதக் கொடுப்பனவு வேறு இருக்கிறது. நீ கொப்பியைத் திறந்தவுடன் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள். குடிப்பழக்கத்தை மனைவி பக்கத்தில் நிற்கக் கேட்டு எழுதின விடையை நான் எழுதாததற்குச் சமம் என்று நினைப்பேன்.

வேலியோரம்:

ஒரு கிராமத்தில் இப்ப என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் (மெசினில் வடிகட்டிச் சுத்தமாக்கினது) குடிக்கிற ஆட்களுக்குத்தான் கிட்னி வருத்தம் கூட என்று விடை வரும் 😀 வருத்தம் வந்த பிறகுதானே அவர்கள் கேன் வாங்கத் தொடங்கினவை.

செட்டிகுளம் சைக்கிள்:

வேலியோரம் அண்ணை, சிரிக்க வேண்டாம், எங்கள் வினாக்கொத்தில் அந்தக் கேள்வி உண்மையிலேயே இருக்கிறது. "தற்போது குடிநீர் பெறும் மூலம்." இப்பதான் உறைக்கிறது.

பழைய சாரம் ஐயா, பத்து மணி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒன்பதரைக்குத் தொடங்கி வெயில் ஏற முதல் முடிப்பதுதான் வழக்கம்.

சரி, 20 வருடத் தண்ணீரை எப்படிக் கேட்பது? ஒரு அம்மாவிடம் கேட்டேன். "எந்த வீட்டைச் சொல்ல தம்பி" என்று திருப்பிக் கேட்டா. இடம்பெயர்ந்தது ஏழெட்டு இடம்.

பழைய சாரம்:

வருடத்தைக் கேட்காதே. 2006-இல் எந்தக் கிணறு என்றால் யாருக்கும் வராது. நடந்ததை வைத்துக் கேள். ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவராக இருந்தால் 95 இடப்பெயர்வு, 2002-இல் ஏ9 பாதை திறந்தது, 2004 சுனாமி, 2009 முகாம், மீளக் குடியேறினது, 2015-இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது, கிளிநொச்சி முல்லைத்தீவு ஆட்கள் என்றால் 2018 டிசம்பர் வெள்ளம், 2021-இல் இரசாயன உரத்தை நிறுத்தினது, 2022-இல் பெற்றோல் வரிசை என்று குறித்துக்கொள். அதோடு அந்தக் குடும்பத்தின் சொந்தக் குறிகளையும் போடு, மூத்த பிள்ளை பிறந்தது, மகளின் கலியாணம், தகப்பன் செத்தது. "முகாமில் பவுசர் தண்ணி குடிச்சனீங்கள், அதுக்கு முதல் இருந்த வளவில் என்ன கிணறு, கட்டின கிணறோ குழாய்க் கிணறோ?" என்று கேட்டால் சனம் கிணற்றின் துலா வரைக்கும் சொல்லும். இதை ஆய்வுக்காரரும் வாழ்க்கை நாட்காட்டி முறை என்று பாவிக்கிறார்கள், நான் கண்டுபிடித்ததில்லை.

இதில் இன்னொரு பலன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் உரம் வருவதே குதிரைக் கொம்பு. அந்த வருடங்களில் தாராளமாக யூரியா போட்டதாக ஒருவர் சொன்னால், அவர் அப்போது எங்கே இருந்தார் என்று நீ திரும்பக் கேட்பாய். நாட்காட்டியே பதிலைச் சரிபார்க்கிறது.

ஆனால் கவனம், நாட்காட்டியை இரண்டு பக்கத்துக்கும் பிடிக்க வேண்டும். நோயாளியோடு ஒரு மணித்தியாலம், அயலவரோடு கால் மணித்தியாலம் என்றால் நீயே பக்கச்சார்பு.

ரத்தப் போத்தல்:

ஆய்வுகூடப் பக்கத்தில் வேலை செய்கிறேன். எல்லோரும் கேள்வியைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஊசியால் எடுத்தால் உண்மை என்று நினைக்கிறீர்கள் போல.

கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க இரத்தத்தில் அளப்பது கிரியட்டினின் என்ற கழிவை, கிட்னி பழுதானால் அது கூடும். அது தசையில் இருந்து வருவது. மெலிந்து வற்றின வயதானவருக்குக் கிட்னி பாதி போயிருந்தாலும் எண் பார்வைக்கு அழகாக இருக்கும். மறுபக்கம், முதல் நாள் வெயிலில் சூடு மிதித்து, தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கோ இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டவருக்கோ எண் தற்காலிகமாக ஏறி நிற்கும். அதனால்தான் நாட்பட்ட வருத்தம் என்று சொல்ல மூன்று மாதமாவது அது நீடிக்க வேண்டும் என்று விதி. ஒரு தரம் எடுத்துவிட்டு "இவருக்கு வருத்தம் இல்லை" என்று அயலவர் வரிசையில் போட்டவர்களில் உண்மையான நோயாளி ஒளிந்திருக்கலாம்.

அளக்கிற முறையும் ஒன்றில்லை. பழைய ஜாஃபே முறையில் இரத்தத்தில் உள்ள சீனி போன்ற வேறு பொருட்களும் சேர்ந்து நிறம் காட்டும், நொதிய முறையில் அது குறைவு. நோயாளியின் இரத்தம் ஒரு ஆய்வுகூடத்துக்கும் அயலவரின் இரத்தம் இன்னொரு ஆய்வுகூடத்துக்கும் போனால், நீங்கள் ஒப்பிடுவது மனிதர்களை அல்ல, இரண்டு இயந்திரங்களை. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதே பிழை நடந்து, முழுப் போத்தல்களையும் திரும்ப ஓட வேண்டி வந்தது, நான்தான் ஓடினேன், கை வலித்தது.

போத்தலில் இலக்கம் மட்டும் போடுங்கள். "கேஸ் 14" என்று எழுதி அனுப்பாதீர்கள், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு அனுப்புகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். நோயாளிகளின் கிணறுகளை ஓகஸ்ட்டில் எடுத்துவிட்டு அயலவரின் கிணறுகளை மாரி மழைக்குப் பிறகு எடுத்தால் என்ன நடக்கும்? கிணறு வற்றி நிற்கிறபோது ஒரு அளவு, நிரம்பி நிற்கிறபோது வேறு அளவு. ஃபுளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதற்குக் கிட்ட நிற்கிற கிணறு பருவத்தைப் பொறுத்துக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும். சோடிகளாக ஒரே நாளில் எடுங்கள்.

பிரஷர் பற்றி ஒரு வரி. நீங்கள் எழுதின எண்களின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் பூச்சியத்தில் முடிந்தால் அளந்தவர் கண்ணால் உருட்டியிருக்கிறார். 140 என்று எழுதினால் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதால் 138 என்று எழுதுகிற கையும் உண்டு. கைப்பட்டி சின்னனாக இருந்தால் பிரஷர் கூடிக் காட்டும், அது வேறு.

நெடுங்கேணி மறவன்:

இவ்வளவு பிழை என்றால் இந்த ஆய்வெல்லாம் எதற்கு? எத்தனை வருடமாக ரத்தமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஊருக்கு ஒரு பதிலும் வரவில்லை. என் அம்மாவின் அண்ணன் டயலிசிஸில் இருந்துதான் போனார். அவரிடமும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், ஒரு கடிதம்கூடத் திரும்பி வரவில்லை.

பூச்சிய வழு:

மறவன், கோபம் நியாயம். எழுதிக்கொண்டு போனவர்கள் முடிவைத் திரும்பக் கொண்டுவந்து சொல்லாதது பிழைதான், அதற்கு எந்தச் சூத்திரமும் சாட்டு இல்லை.

ஆனால் பிழை இருப்பதால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்பது சரியில்லை. சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் எப்படிப் பிடிபட்டது? 1950-இல் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் இலண்டன் ஆஸ்பத்திரிகளில் செய்தது இதே மாதிரி ஆய்வுதான், நோயாளியிடம் கேட்டு, மற்றவரிடம் கேட்டு. அவர்களுக்கும் இதே பயம். கேள்வி கேட்கிறவருக்கு எதிரில் இருப்பவர் புற்றுநோய்க்காரர் என்று தெரிந்தால் கூடக் கிண்டிக் கேட்பார், நோயாளியும் கூட யோசிப்பார். ஆனால் கேட்கிறபோது நுரையீரல் புற்றுநோய் என்று நினைக்கப்பட்டுப் பிறகு அது இல்லை என்று தெரியவந்த சிலர் அவர்களிடம் இருந்தார்கள். அவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். பக்கச்சார்புதான் காரணம் என்றால் இவர்களும் கூடப் புகைத்ததாகத் தெரிய வேண்டும், இல்லையா? தெரியவில்லை. அவர்களின் புகைப்பழக்கம் புற்றுநோய் இல்லாதவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பிழையைக் கண்டு பயந்து ஓடாமல் அதை வைத்தே பிழையைச் சோதித்தது. அதோடும் விடவில்லை, 1951-இல் பிரித்தானிய வைத்தியர்களிடம் புகைப்பழக்கத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டு வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருத்தம் வர முதலே எழுதின பதிலை வருத்தம் மாற்ற முடியாது.

சைக்கிள், உனக்கும் இது சரிவரும். கிட்னி என்று சந்தேகப்பட்டுக் கிளினிக்குக்கு அனுப்பி, சோதித்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினவர்கள் இருப்பார்கள். அவர்களும் சில கிழமை படுக்கையில் கிடந்து "என்னத்தால வந்தது" என்று யோசித்தவர்கள்தான். அனுமதி கிடைத்தால் அவர்களை மூன்றாவது கூட்டமாக எடு. அவர்களின் பதில் நோயாளியின் பதில் மாதிரி இருந்தால் அது ஞாபகத்தின் வேலை. அயலவரின் பதில் மாதிரி இருந்தால் உனக்குக் கொஞ்சம் தெம்பு.

அதோடு பத்தில் ஒரு வீட்டை ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேள், முடிந்தால் வேறு ஆளை அனுப்பு. பதில் எவ்வளவு மாறுகிறது என்று எண்ணாவது கையில் இருக்கும். ஆனால் இரண்டு தரமும் ஒரே பதில் வந்தால் அது உண்மை என்று நினைத்துவிடாதே, ஒரே பிழையை இரண்டு தரம் சொல்லவும் ஆளால் முடியும்.

பழைய சாரம்:

கிளைபோசேட் பற்றி ஒன்று சொல்ல மறந்துபோனேன். 2015 தடைக்கு முன்னும் பின்னும் ரேடியோவிலும் பத்திரிகையிலும் கிட்னிக்குக் காரணம் அதுதான் என்று இவ்வளவு கதைத்த பிறகு, நோயாளி அந்தப் பெயரைக் கட்டாயம் சொல்வார். வருத்தமில்லாதவர் தடை செய்த சாமான் என்று சொல்லாமல் விடுவார். பெயரைச் சொல்லிக் கேட்காதே. "வரம்புப் புல்லுக்கு என்ன செய்யிறனீங்கள்" என்று கேள், 16 லீட்டர் மெசினால் ஒரு ஏக்கருக்கு எத்தனை தாங்கி அடித்தது என்று கேள், பின்வளவில் கிடக்கிற வெறும் போத்தலைக் காட்டச் சொல். "இரசாயனம்" என்ற சொல்லை வினாக்கொத்தில் இருந்தே வெட்டச் சொல். வெறும் "மருந்து" என்று போட்டால் பனடோலையும் சேர்த்துச் சொல்லுவினம். "களைக்கு அடிக்கிறது", "பூச்சிக்கு அடிக்கிறது" என்று இரண்டு கேள்வியாக்கு.

செட்டிகுளம் சைக்கிள்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மேலே இருப்பவருக்கு இந்தத் திரியைக் காட்டவில்லை, ஆனால் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கேள்வியாகப் பிரிக்க ஒத்துக்கொண்டார், தண்ணீர்க் கேள்வியும் மாறிவிட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு ஒழுக்கநெறிக் குழுவிடம் திரும்பவும் அனுமதி கேட்க வேண்டுமாம், கடிதம் போயிருக்கிறது. இரத்தப் போத்தல்களில் இப்போது இலக்கம் மட்டும்தான். பிரஷர் எண்களை எண்ணிப் பார்த்தேன், என்னுடையவை பரவாயில்லை, நண்பனுடையவை எல்லாம் பூச்சியம்.

நேற்று மண்வெட்டி ஐயாவிடம் திரும்பப் போனேன், பின்னேரம் ஐந்தரைக்கு, நாட்காட்டித் தாளோடு. 2021-இல் உரம் நின்ற போகத்தில் களைக்கு என்ன செய்தீர்கள் என்று தொடங்கினேன். ஆள் மண்வெட்டியை வைத்துவிட்டுத் திண்ணையில் இருந்தார். அரை மணித்தியாலம் பின்னோக்கிப் போய் மீளக் குடியேறின வருடம் வரை வந்துவிட்டோம். எண்ணிப் பார்த்தால் பக்கத்து வீட்டு நோயாளியை விட இவர் அடித்த நாட்கள் கூட. அதற்குள் குசினிக்குள் இருந்து அம்மாவின் சத்தம், "அதுக்கு முதல் வருசமும்தானே அடிச்சனீங்கள், சத்தி எடுத்துக்கொண்டு வந்து ரெண்டு நாள் படுத்தது மறந்துபோச்சோ?"

ஐயா தலையைச் சொறிந்துகொண்டு "ஓம், அதையும் போடு தம்பி" என்றார். போட்டேன். அம்மா சொன்னதை அவருடைய பதிலாகவே எழுதலாமா, இல்லை தனியாக எழுதுவதா?

பூச்சிய வழு:

தனிப் பத்தியில் எழுது. அதுசரி, நோயாளி வீட்டில் மனைவியிடம் கேட்டாயா?

செட்டிகுளம் சைக்கிள்:

கேட்கவில்லை. நாளைக்குப் பின்னேரம் போகிறேன்.